மாமாவின் குகையும் வெந்நீர் ஊற்றும்

ஆலங்குடாவில் காற்று விழுந்துவிட்டால் வெள்ளைக்காரர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. காலில் பலகையைக் கட்டிக்கொண்டு, பெரிய பட்டம் இழுக்க இழுக்கக் கடலில் பறப்பதற்குத்தான் அவர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள். காற்று இல்லாத நாட்களில் கபானா என்கிற ஓலைக் குடில்களின் முன்னால் படுத்துக் கிடந்து, மணிக்கொரு தடவை எழும்பி வானத்தைப் பார்த்துவிட்டு மறுபடி படுப்பார்கள். அவர்கள் படுத்தால் என் மாமாவும் படுக்க வேண்டியதுதான். அவருடைய ஓட்டோவும் வேப்பமரத்தின் கீழே படுத்துக் கிடக்கும்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. கடற்கரை ஓரமாகக் கிடுகுக் கூரை போட்ட கபானாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்த மாமா அதை விட்டுவிட்டு ஓட்டோ ஓட்ட வந்திருந்தார். அவர் உம்மாவின் தம்பி. கலியாணம் செய்யாமல் எங்கள் வீட்டோடு இருந்தார். அவருக்கு இங்கிலீஷில் பதினைந்து சொற்கள் வரை தெரியும். அவற்றில் பாதி எண்கள். எனக்குப் பத்து வயது. பாடசாலையில் இங்கிலீஷுக்குப் பரிசு வாங்கியிருந்தேன். ஆகவே லீவு நாட்களில் ஓட்டோவின் முன்சீட்டில் மாமாவுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்காரும் உரிமை எனக்கு வந்திருந்தது.

ஒருமுறை யாரோ ஒரு பயணி ஓட்டோவில் ஒரு துண்டுப் பிரசுரத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். மலைநாட்டுப் பக்கத்து ஏதோ ஒரு ஹோட்டலுடையது. வழவழப்பான தாள். அதில் நீராவி பறக்கும் ஒரு குளத்துக்குள் இரண்டு பேர் கழுத்தளவு அமர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மாமா அதை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு என்னிடம் கொண்டு வந்தார்.

"இதில என்ன போட்டிரிக்கு மகள்?"

"குகை, வெந்நீர் ஊற்று, நாட்டுப்புறம். அரை நாள் சுற்றுலா எண்டு போட்டிரிக்கு மாமா."

"எழுத்து வடிவா இரிக்கு. அப்பிடியே பார்த்து ஒரு பலகையில எழுது."

வள்ளத்துக்குப் பூசி மீந்திருந்த நீலப் பெயின்ட்டால் எழுதினேன். ஓர் எழுத்துக்கூடப் பிழைக்காமல் எழுதினேன் என்பதில் எனக்கு இன்றும் பெருமைதான். மாமா அதை வீதி திரும்பும் முடக்கில் ஒரு தென்னையில் ஆணியால் அறைந்தார். இங்கே குகை எங்கே இருக்கிறது, வெந்நீர் எங்கே இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. உம்மா மட்டும் வாசலில் மீன் கழுவிக்கொண்டே, "சுடுதண்ணி ஊத்துக்கு நீ எங்க போவ தம்பி?" என்றார்.

"அது பார்ப்பம் ராத்தா. இந்த வெயிலுக்கு எந்தத் தண்ணி சுடாம இரிக்கு?" என்றார் மாமா.

பலகை மூன்று வாரம் சும்மா தொங்கியது. நான்காவது வாரம் காற்று விழுந்தது. மகனோடு வந்து, மகன் கடலில் பறப்பதைக் கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு தாயும் தகப்பனும் எங்கள் பலகையைப் பார்த்துவிட்டார்கள். அறுபது வயதுக்கு மேலிருக்கும். தகப்பன் ஒல்லியாக, உயரமாக, எதையும் குனிந்து பார்ப்பவராக இருந்தார். அவருடைய மனைவி குள்ளமாக, எதற்கும் சிரிப்பவராக இருந்தார். மாமாவிடம் சொல்லிவைத்துவிட்டு, மறுநாள் காலையில் எட்டு மணிக்கு இருவரும் தொப்பி, தண்ணீர்ப் போத்தல், கமரா சகிதம் வேப்பமரத்தடியில் வந்து நின்றார்கள். குகை, வெந்நீர் ஊற்று, நாட்டுப்புறம் மூன்றும் வேண்டும் என்றார்கள்.

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு, "முதல்ல நாட்டுப்புறம் எண்டு சொல்லு. அதுதான் கைவசம் இரிக்கு" என்றார்.

புறப்படும் முன் உம்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் தலையில் சால்வையைச் சரிசெய்தபடி, "அவன் என்னத்தையும் சொல்லுவான். நீ பொய் ஒண்டும் சொல்லப்படாது" என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கிழமைதான் ஓதுகிற பள்ளியில் எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் லெப்பையும் பொய்யைப் பற்றி மூன்று நாள் விடாமல் பேசியிருந்தார்.

நாட்டுப்புறத்தில் ஒரு பிரச்சினையும் வரவில்லை. நுரைச்சோலைப் பக்கம் போகும் வழியில் வெங்காயப் பாத்திகளைக் காட்டினோம். புகையிலைத் தோட்டத்தைக் காட்டினோம். தென்னந்தோப்புகளுக்கு மேலே அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரிந்தது. அதைக் காட்டாமலே அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். நடுவீதியில் ஆறேழு கழுதைகள் அசையாமல் நின்றன. எங்கள் ஊரில் கழுதையை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த வெள்ளைக்கார அம்மாவோ ஓட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒவ்வொரு கழுதையையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். மாமா என் காதுக்குள், "பலகையில கழுதையையும் சேர்த்திரிக்கலாம்" என்றார்.

பத்து மணிக்கு மாமா அவர்களை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தார். நாட்டுப்புறத்தில் ஒரு வீடும் இருக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. உம்மா இரண்டு பிளாஸ்டிக் கதிரைகளைத் துடைத்துப் போட்டு, வெறுந்தேத்தண்ணியும் கற்கண்டும் கொடுத்தார். அந்த அம்மா உம்மாவிடம், நீங்கள் எத்தனை காலமாக இந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

"நாங்க மன்னார். தொண்ணூறுல வள்ளத்தில வந்தம் எண்டு சொல்லு" என்றார் உம்மா.

சொன்னேன். ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்.

"போகச் சொன்னாங்க. வந்தம்."

அதையும் சொன்னேன். அந்த அம்மா இன்னும் ஏதோ வரும் என்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஒன்றும் வரவில்லை. யுத்த காலத்தில் முஸ்லிம்களை ஊரைவிட்டு வெளியேற்றிய அந்தக் கதை எங்கள் வீட்டில் எப்போதும் அந்த நீளத்துக்குத்தான் சொல்லப்படும். நான் ஆலங்குடாவில் பிறந்தவள். மன்னார் என்பது எனக்குப் பாடப் புத்தகத்தில் வருகிற ஓர் ஊர். உம்மாவும் மாமாவும் அவர்களுடைய உம்மா வாப்பாவோடு அங்கிருந்து வந்தார்கள், பெரியவர்கள் இருவரும் நான் பிறக்கும் முன்பே மௌத்தாகிவிட்டார்கள், உம்மாவுக்குத் தம்பி ஒருவர், மாமாவுக்கு ராத்தா ஒருவர். இவ்வளவுதான் நான் அறிந்த சரித்திரம்.

வெந்நீர் ஊற்றுக்கு மாமா உச்சிப்பொழுதைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதன் காரணம் அங்கே போன பிறகுதான் எனக்கு விளங்கியது.

அது அவருடைய கூட்டாளி ஒருவரின் வெங்காயத் தோட்டம். தோட்டத்தின் ஒரு மூலையில், கிடுகு வேலிக்குப் பின்னால், கிணறும் தண்ணீர் மோட்டரும் இருந்தன. அங்கிருந்து ஒரு கறுப்பு பைப் வெறும் மணலில் வளைந்து வளைந்து நூறு யார் தூரம் வந்தது. அதன் முனையை மாமா முந்தின நாளே கொண்டுவந்து ஒரு கற்குவியலுக்குள் புதைத்து, மேலே பாசி பிடித்த இரண்டு கற்களையும் வைத்திருந்தார். பாசிக் கற்களைத் தேடி எங்கே போனாரோ தெரியாது. காலையிலிருந்து பைப்புக்குள் நின்ற தண்ணீரை வெயில் காய்ச்சிக்கொண்டிருந்தது.

மாமா தொண்டையைக் கனைத்தார். வேலிக்குப் பின்னால் மோட்டர் உறுமியது. கற்களுக்கிடையில் முதலில் காற்று சீறியது, பிறகு தண்ணீர் பொங்கியது. அந்தப் பெரியவர் விரலை வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உண்மையாகவே சுட்டது. அந்த அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பாதங்களை மெதுவாக நனைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தார். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலு நிமிடம் போயிருக்கும். தண்ணீர் இளஞ்சூடானது. பிறகு குளிர்ந்தது. பிறகு எல்லாக் கிணற்றுத் தண்ணீரையும் போல ஆனது.

பெரியவர் குனிந்து பார்த்தார். காலால் மணலைத் தள்ளினார். கறுப்பு பைப் தெரிந்தது. அதைப் பார்வையால் தொடர்ந்துகொண்டே போய், கிடுகு வேலியில் கண்ணை நிறுத்தினார். வேலிக்குப் பின்னாலிருந்து மாமாவின் கூட்டாளி தலையை நீட்டி, "இன்னும் ஓடவா, நிப்பாட்டவா?" என்று கேட்டார்.

மாமா அவசரமாக, "ஊத்து இப்ப களைச்சுப் போச்சு, கொஞ்சம் ஓய்வெடுக்குது எண்டு சொல்லு" என்றார்.

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். எவ்வளவு கஷ்டப்பட்டாலும் அந்த வாக்கியம் இங்கிலீஷில் நேராக நிற்கவில்லை. பெரியவர் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். வரப்பில் உட்காரும் வரைக்கும் சிரித்தார். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இது உண்மையான ஊற்றா என்று கேட்டார்.

எனக்கு உம்மாவும் லெப்பையும் ஒன்றாக ஞாபகம் வந்தார்கள். இல்லை என்றேன்.

மாமாவின் பதினைந்து சொற்களில் அந்தச் சொல்லும் இருந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் எழும்பி வந்து அவருடைய முதுகில் தட்டினார், கோபமே இல்லை. மோட்டரைப் போய்ப் பார்த்தார், பைப்பின் நீளத்தை அடியால் அளந்தார், குளிர்ந்த தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். கூட்டாளி நாலு செவ்விளநீர் வெட்டித் தந்தார். எல்லோரும் குடித்தார்கள். என்னால் குடிக்க முடியவில்லை. இனி மாமா பொய் சொன்னால் நான் மொழிபெயர்ப்பதில்லை என்று அந்த இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்தேன்.

மாமா அத்தோடு திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஓட்டோவில் ஏறும்போது அந்த அம்மா, அப்படியானால் குகை, என்று விளையாட்டாகக் கேட்டார். அவர் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மாமா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

"போவம் எண்டு சொல்லு" என்றார்.

எத்தாளைப் பக்கமாகப் போய், கடலை விட்டு, உப்பங்கழியான களப்பின் பக்கம் திரும்பினோம். மணல் பாதையில் ஓட்டோ இரண்டு இடத்தில் புதைந்தது. பெரியவர் இறங்கித் தள்ளினார். உடை மரங்களுக்கும் இலந்தைப் பற்றைக்கும் நடுவில் ஒரு கல் மேடு தெரிந்தது. முருகைக்கல் சுவர், குவிமாடம் போல வளைந்த கூரை, உச்சியில் புகை போக ஒரு துவாரம், அந்தத் துவாரத்தின் வழியாக உள்ளே இறங்கிய ஆல வேர்கள். கீழே, ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய வாய்.

எனக்கு அந்த இடம் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"மாமா, இது பழைய சுண்ணாம்புச் சூளை" என்றேன் தமிழில்.

"ஓம்" என்றார்.

மறுப்பார், ஏதாவது சமாளிப்பார் என்று காத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போனார். வீட்டையும் பள்ளிவாசலையும் தவிர வேறெங்கும் அவர் செருப்பைக் கழற்றி நான் பார்த்ததில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு பக்தி காட்டுகிறார் என்று நினைத்து எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

உள்ளே இருட்டாகவும் ஆச்சரியப்படும்படி குளிர்ச்சியாகவும் இருந்தது. வௌவால் நாற்றம் அடித்தது. பெரியவர் டோர்ச் அடித்தார். கூரையில் சின்னச் சின்ன வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. மாமா அண்ணாந்து பார்க்கவில்லை. எங்கே தலை இடிக்கும், எங்கே கல் பெயர்ந்திருக்கும் என்று தெரிந்தவரைப் போல நேராக ஒரு மூலைக்குப் போய்க் குந்தினார். அங்கே சுவரில், தரையிலிருந்து இரண்டு சாண் உயரத்துக்கு, கரி படிந்திருந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

அந்த அம்மா என்னிடம், இங்கே யாராவது வாழ்ந்தார்களா என்று கேட்டார். நான் மாமாவிடம் கேட்டேன்.

"நாங்க இரிந்த" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டே, "எங்கட தங்கச்சி இங்கதான் பிறந்த. பதினொரு நாள். சொல்லு மகள்" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. மாமாவுக்குத் தங்கச்சி கிடையாது. அவருக்கு இருப்பது ஒரே ஒரு ராத்தா, அது என் உம்மா, அவர் இந்நேரம் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருப்பார். இல்லாத தங்கச்சியை ஒரு சூளைக்குள் பிறக்கவைத்து, அதற்கு ஒரு எண்ணிக்கையும் கொடுக்கிறார். எண்கள் சொன்னால் வெள்ளைக்காரர்கள் நம்புவார்கள் என்று அவர் அடிக்கடி சொல்வார். வெந்நீரில் பிடிபட்ட பிறகும் இவருக்கு வெட்கம் இல்லையா என்று நினைத்தேன்.

"சொல்லு" என்றார் மறுபடியும். குரல் அவருடையதைப் போல இருக்கவில்லை.

அந்த அம்மா காத்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும். சொல்வது உண்மையாகவும் இருக்க வேண்டும். மேலே பார்த்தேன். இங்கே வௌவால்கள் வாழ்கின்றன, இங்கேதான் குட்டி போடுகின்றன என்று சொன்னேன்.

எத்தனை குட்டிகள் என்று கேட்டார்.

பதினொன்று என்றேன். மாமா சொன்ன எண்ணும் வீணாகவில்லை, பார்த்தால் குறைந்தது அவ்வளவாவது இருக்கும் போலவும் பட்டது.

அந்த அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. வாய்விட்டுச் சிரித்தார். மாமாவின் பக்கம் திரும்பி, பத்து விரல்களையும் விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டி, கேள்வி கேட்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். முகம் முழுவதும் சிரிப்பு.

மாமா அந்த விரல்களைப் பார்த்தார். ஓம் என்று தலையாட்டினார்.

அதற்குள் பெரியவர் கமராவை அழுத்திவிட்டார். வெளிச்சத்துக்கு வௌவால்கள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. அந்த அம்மா கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வெளியே ஓடினார். நானும் ஓடினேன். மாமா கடைசியாக வந்தார். செருப்பை மாட்டிக்கொள்ள அவருக்கு அதிக நேரம் எடுத்தது.

திரும்பி வரும் வழியில் அவர் ஓட்டோவை வேகமாக விட்டார். கழுதைகள் அதே இடத்தில் நின்றன. அந்த அம்மா கை காட்டினார், மாமா ஓட்டோவை நிறுத்தவில்லை. ஊற்று இல்லை என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கோபம் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. எனக்கும் கோபம் இருந்ததால் அவர் பக்கம் திரும்பாமல் வீதியையே பார்த்துக்கொண்டு வந்தேன். கபானாவில் இறங்கும்போது இருவரும் எங்கள் கையைப் பிடித்துக் குலுக்கி, தங்கள் பயணத்திலேயே இதுதான் சிறந்த நாள் என்றார்கள். அது பொய்யாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் வீதி முடக்கில் பலகையைக் காணவில்லை. மாமா அதைக் கழற்றி வந்து கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்திருந்தார், எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி.

"ஏன் மாமா?"

"வேணாம் மகள்" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் காற்று எழும்பியது. பட்டங்களும் எழும்பின. அதற்குப் பிறகும் நான் லீவு நாட்களில் முன்சீட்டில் போய்க்கொண்டுதான் இருந்தேன். விலை, தூரம், நேரம் இவற்றைத் தவிர வேறெதையும் மொழிபெயர்க்கும்படி அவர் என்னைக் கேட்டதில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. என் நேர்மை அவரைத் திருத்திவிட்டது என்றுகூடச் சில காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் புத்தளம் ஆஸ்பத்திரியில் எனக்கு மகள் பிறந்தாள். வெளியே மாரி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்திருந்த உம்மா, யாரிடமோ சொல்வதுபோல, "இப்பிடித்தான் மழை. சூளைக்குள்ள தண்ணி வந்திட்டு" என்றார்.

எந்தச் சூளை என்று கேட்டேன். நான் கேட்டதால்தான் சொன்னார். அதுவும் நீளமாக இல்லை. வள்ளத்தில் வந்து இறங்கியபோது அவர்களுடைய உம்மா நிறைமாதம். கொட்டில் கிடைக்கும் வரை இரண்டு குடும்பங்கள் அந்தச் சூளைக்குள் இருந்தன. அங்கே ஒரு பெண்பிள்ளை பிறந்தது. உம்மாவுக்குப் பதின்மூன்று வயது, மாமாவுக்கு எட்டு. உள்ளே வந்த தண்ணீரை ஒரு சட்டியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றுவது மாமாவின் வேலை. பிள்ளைக்குக் குளிராமல் மூலையில் நெருப்பு வைத்திருந்தார்களாம். பன்னிரண்டாம் நாள் விடியும்போது பிள்ளை இல்லை. களப்போரத்து மையவாடியில் அடக்கினார்கள்.

"பேர் வச்சீங்களா?"

"வச்சம்" என்றார் உம்மா. பேரைச் சொன்னார். பிறகு, "தம்பி அதைப் பற்றி ஒருநாளும் கதைச்சதில்ல. ஒருத்தரிட்டயும்" என்றார்.

பின்னேரம் மாமா நனைந்துகொண்டு வந்தார். இப்போது அவருக்கு வேன் இருக்கிறது, மனைவி இருக்கிறார், முன்நெற்றியில் முடி இல்லை. பிள்ளையை வாங்கி, கழுத்தைப் பிடிக்கத் தெரிந்தவராக, நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். கால்களைத் தொட்டுப் பார்த்து, "குளிருதே, சொக்ஸ் போடல்லயா?" என்று கேட்டார். நான் சொல்லத்தான் நினைத்தேன். அந்த நாளை அவரிடம் எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பதற்குள் பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று தாதி வந்து சொன்னார். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சந்தித்துவிட்டோம். இன்னும் சொல்லவில்லை.

அந்த அம்மா பத்து விரலையும் பிறகு ஒரு விரலையும் காட்டி எதற்குச் சிரித்தார் என்பது பத்து வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நான் இங்கிலீஷில் சொன்னது விளங்காத மாமா அந்தச் சிரிப்பை என்னவென்று எடுத்துக்கொண்டார் என்பதுதான் தெரியவில்லை.